ஸ்பிரிட் கிண்ணத்தில் ஒட்டியிருந்தது

ஸ்டென்வால், 14 நவம்பர் 1971

தம்பி இங்வேக்கு, அக்கா மேர்த்தா எழுதுவது.

இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். என் முட்டிவலி போன குளிர்காலத்தைவிடப் பரவாயில்லை. உன் இருமல் எப்படி இருக்கிறது? துறைமுகக் காற்று ஒத்துக்கொள்கிறதா? வருஷத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் அட்டை, அதில் இரண்டு வரி என்றே பதினேழு வருஷம் ஓட்டிவிட்டோம். இன்றைக்கு நீளமாக எழுதுகிறாளே என்று பயந்துவிடாதே. யாரும் சாகவில்லை.

விஷயம் இதுதான். பள்ளிக்கூட டீச்சர் ஆஸ்டா ஊருக்கு ஒரு பழம்பொருள் வீடு வைக்கிறாள். கலப்பை, தறி, பனிச்சறுக்குக் கட்டை என்று வீடுவீடாக வந்து பொறுக்கிக்கொண்டு போகிறாள். போன வாரம் என் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு, "ஏங்க்கா, உங்க வீட்டுக்காரர் மலைக்கு எடுத்துட்டுப் போன பம்ப் அடுப்பு இன்னும் உங்ககிட்டதான் இருக்குதாமே?" என்றாள். ஐம்பத்து நாலாம் வருஷப் புயலுக்கென்று ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறாளாம். கோடைத் திருநாள் அன்று திறப்பு. அன்றைக்கு அந்த அடுப்பைப் பற்றவைத்து எல்லாருக்கும் அதில் காபி போட வேண்டுமாம். சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும்.

போலீஸ்காரர் கொண்டுவந்து கொடுத்த அன்று கொட்டகையில் வைத்ததுதான். தகரப்பெட்டியைக் கட்டியிருக்கும் கயிற்றைக்கூட நான் அவிழ்த்ததில்லை. கப்பல் விளக்கும் அடுப்பும் பழுதுபார்க்கிறவன் நீ. வேறு யாரிடம் கொடுக்கச் சொல்கிறாய்? பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கூடவே உலர்த்திய கலைமான் இறைச்சி கொஞ்சம் வைத்திருக்கிறேன், மெல்லியதாகச் சீவித் தின்னு.

அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் அட்டை வைப்பார்களாம். அதற்கு வாசகம் எழுதித் தருகிறவர் என் வீட்டுக்காரர் ஹில்டிங்கின் அண்ணன் கோன்ராட். தன் தம்பி செத்த கதை தன்னைவிட யாருக்குத் தெரியும் என்கிறார்.

குளிரில் கழுத்தை மூடிக்கொள்.
அக்கா மேர்த்தா


கோத்தன்பர்க், 2 டிசம்பர் 1971

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தின் கனத்தைப் பார்த்து நிஜமாகவே பயந்தேன். இருமல் இருக்கிறது, அது இல்லாவிட்டால் எனக்குத் துணை ஏது? முட்டிக்கு ஆட்டுத்தோல் சுற்றிக்கொள்ளுங்கள். இறைச்சியை இரண்டே நாளில் முடித்துவிட்டேன்.

பெட்டி வந்து ஐந்து நாள் பட்டறை மேசைக்கு அடியிலேயே கிடந்தது. மேஸ்திரி காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "என்ன நண்டு, வெடிகுண்டா? தொடவே மாட்டேங்கறே?" என்றார். வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் இருப்பதால் இங்கே எனக்கு அதுதான் பெயர். கோபமில்லை, நன்றாகத்தான் பொருந்துகிறது. ஆறாம் நாள் கயிற்றை அறுத்தேன்.

டேங்கில் ஒரு பக்கம் நசுங்கல். மூன்று காலில் ஒன்று வளைந்திருக்கிறது. பம்பைத் தள்ளினால் காற்று பிடிக்கவில்லை, உள்ளே தோல் வாஷர் காய்ந்து பிஸ்கட் ஆகிவிட்டது. பர்னர் முழுக்க ஒரு விரல் கனத்துக்குக் கரி. டேங்கின் அடியில் அத்தான் ஆணியால் கீறிய தன் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. நல்ல பித்தளை அக்கா. அழுக்குக்கு அடியில் ஒரு குறையும் இல்லை.

அட்டையில் கோன்ராட் அத்தான் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியாதா? ஊர் சொல்வதுதான், நானே அன்றைக்கு என் வாயால் அவரிடம் சொன்னதுதான். கூடாரத்தில் ஸ்பிரிட்டைக் கைதவறிக் கொட்டியவன் நான். ஸ்பிரிட் எரிந்து பர்னர் சூடானால்தானே மண்ணெண்ணெய் ஆவியாகும். சூடாகாத பர்னரில் அது புகைந்ததே தவிர எரியவில்லை. எண்ணெய்த் துணியைக் கொளுத்திச் சூடேற்றப் பார்த்தோம், கூடாரம் பிடித்துக்கொண்டது. அந்த ஓட்டை வழியாக மூன்று நாள் பனிக்காற்று. மூன்றாம் நாள் காலையில் அத்தான் இல்லை, நான் இருந்தேன். ஆகவே கெடுத்தவனே பழுதுபார்ப்பதுதான் நியாயம்.

கிறிஸ்துமஸுக்கு எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள், விசாரிக்க விரும்புகிறவர்களை மட்டும்.
தம்பி இங்வே


ஸ்டென்வால், 6 ஜனவரி 1972

தம்பிக்கு,

பண்டிகை நல்லபடியாகக் கழிந்தது. ஆட்டுத்தோல் சுற்றினேன், முட்டி கேட்கிறது. இருமலுக்குத் தேன் சேர்த்துக்கொள். பதில் தாமதமானதற்குப் பனிமேல் பழியைப் போடலாம், ஆனால் தபால் ஒழுங்காகத்தான் ஓடுகிறது.

கோன்ராட் வாசகத்தை எழுதிக்கொண்டு என் வீட்டுக்கே வந்தார். ஆஸ்டாவும் இருந்தாள். சத்தமாகப் படித்தார்: "ஹில்டிங்கின் அடுப்பு. பற்றவைக்கத் தெரியாத மச்சினன் கையில் சிக்கியது. மார்ச் 1954."

ஆஸ்டா, "கொஞ்சம் கடுமையா இல்லீங்களா ஐயா?" என்றாள்.

"கடுமையா? என் தம்பி கட்டையா விறைச்சுக் கிடந்தானே, அது கடுமை இல்லையா? அதைச் சறுக்குவண்டியில ஏத்திக் கொண்டுவந்தவன் நானும்மா, நீ இல்ல" என்றார்.

நான் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. எல்லாவற்றையும் கழற்றியே ஆக வேண்டுமா? வெளியே பளபளவென்று தேய்த்தால் போதாதா? ஓரமாக இருக்கப்போகிற பொருள். காபியெல்லாம் வேண்டாம் என்று ஆஸ்டாவிடம் சொல்லிவிடலாம்.

உன்னிடம் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. காற்றடிக்கும் நாட்களில் கொட்டகையில் பம்ப் அடிக்கிற சத்தம் கேட்கும். பட்டப்பகலில், நான் துணி காயப்போடும்போது. க்ரீச், க்ரீச் என்று நிதானமாக. முதல் வருஷம் கதவுக் கீல் என்று நினைத்து எண்ணெய் விட்டேன். பிறகு கதவையே மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பைத்தியம் என்பார்கள். பெட்டி போய்விட்டால் நின்றுவிடும் என்று நினைத்தேன். இப்போது பெட்டி உன்னிடம் இருக்கிறது. நேற்றும் கேட்டது.

ஈரக்காலோடு வேலை செய்யாதே.
அக்கா


கோத்தன்பர்க், 23 ஜனவரி 1972

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சிரிக்கவில்லை. இங்கே நல்ல மழை, தேன் வாங்கியிருக்கிறேன், இருமல் பாதியாகிவிட்டது. நீங்கள் வழுக்குப் பனியில் கொட்டகைப் பக்கம் போய் விழுந்து வைக்காதீர்கள்.

கழற்றாமல் வெறுமனே தேய்க்க என்னால் முடியாது. அது பல் அழுகியவனுக்கு மீசை திருத்திவிடுகிற வேலை. பர்னரைச் சூடுகாட்டித் திருகினேன், மூன்று நாள் அசையவே இல்லை. நான்காம் நாள் முனகிக்கொண்டு வந்தது. கரியைக் காடியில் ஊறவைத்துச் சுரண்டினேன். நாசில் துளையில் ஊசி விட்டு அடைப்பை எடுத்தேன். பம்ப் குழாயின் அடியில் இருக்கும் வால்வைக் கழற்ற நீளச் சாவி ஒன்று நானே செய்தேன்.

பர்னருக்குக் கீழே ஸ்பிரிட் ஊற்றுகிற கிண்ணம் இருக்கிறதல்லவா, அதில் கறுப்பாக ஒரு படலம் ஒட்டியிருந்தது. கரி என்று நினைத்து மண்ணெண்ணெயில் போட்டேன், கரையவில்லை. பெட்ரோலிலும் கரையவில்லை. வெந்நீரில்தான் கரைந்தது. பழப்பாகு அடிப்பிடித்த பாத்திரம்போல வாசனை வந்தது. கழுவிவிட்டேன்.

வாஷருக்கு என் பழைய பூட்ஸின் நாக்கை வெட்டினேன். எண்ணெயில் இரண்டு நாள் ஊறி மெத்தென்று ஆகிவிட்டது. அந்த பூட்ஸ் எதற்கும் உதவாது என்று நினைத்திருந்தேன்.

அக்கா, உங்களுக்குச் சத்தம் என்றால் எனக்கு எண்ணிக்கை. அத்தான் பம்ப் அடிக்கும்போது வாய்விட்டு எண்ணுவார், ஞாபகம் இருக்கிறதா? "பதினெட்டு... பத்தொம்போது... இருபது, போதும்." புது வாஷரைப் போட்டுச் சும்மா அடித்துப் பார்த்தேன். பன்னிரண்டு வரைக்கும் நான் எண்ணினேன். பதின்மூன்றிலிருந்து எண்ணியது என் குரல் இல்லை. பட்டறையில் பகல் பதினோரு மணி, சுற்றிலும் ஆறு பேர் சுத்தியல் அடித்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்திவிட்டுப் போய்க் கை கழுவினேன்.

முட்டி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.
இங்வே


கோத்தன்பர்க், 1 மார்ச் 1972

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? ஆஸ்டாவையாவது ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். என் இருமல் போயே போய்விட்டது, கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

அடுப்பு எரிகிறது. நேற்று மத்தியானம் பற்றவைத்தேன். கிண்ணத்தில் ஸ்பிரிட், ஒரே தீக்குச்சி. பர்னர் சூடானதும் பம்ப் அடித்தேன். நீலச் சுவாலை, உறுமல் சத்தம், தெரு வரைக்கும் கேட்டது. மொத்தம் நாலு நிமிஷம். பட்டறையே கைதட்டியது. மேஸ்திரி, "அடேய் நண்டு, செத்த அடுப்பை எழுப்பிட்டியேடா!" என்று முதுகில் அடித்தார். நான் வெளியே போய்ப் படகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷத்தில் நூறு அடுப்பாவது பழுதுபார்த்திருப்பேன். பற்றவைத்துச் சோதிக்கிற வேலையை மட்டும் எப்போதும் அடுத்த ஆளிடம் கொடுத்துவிடுவேன். இது ஒன்றைத்தான் நானே பற்றவைத்தேன்.

நாலு நிமிஷம் அக்கா. அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது.

கோன்ராட் அத்தானின் வாசகம் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். எனக்கு வருத்தமில்லை. அனுப்பட்டுமா?
இங்வே


ஸ்டென்வால், 20 மார்ச் 1972

இங்வேக்கு,

நன்றாக இருக்கிறேன். முட்டி நன்றாக இருக்கிறது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

அடுப்பை இப்போது அனுப்பாதே.

போன வாரம் பதின்மூன்றாம் தேதி கல்லறைக்குப் போனேன். பனியை விலக்கிவிட்டு நின்றேன். வருஷாவருஷம் அவரிடம் ஏதாவது பேசுவேன், கூரை ஒழுகுகிறது, பூனை குட்டி போட்டது என்று. இந்த வருஷம் பேச ஒன்றும் வரவில்லை. திரும்பும்போது ஆஸ்டா வீட்டு வாசல் வரைக்கும் போனேன். கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன், தட்டவில்லை.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். கிண்ணத்தில் ஏதோ ஒட்டியிருந்தது, வெந்நீரில்தான் கரைந்தது என்று எழுதியிருந்தாய். நாலு வரி எழுதிவிட்டு உடனே பூட்ஸ் தோலுக்குப் போய்விட்டாய். ஏன் அதை எழுதினாய்? எழுதினவன் ஏன் பாதியில் நிறுத்தினாய்?

மேர்த்தா


கோத்தன்பர்க், 2 ஏப்ரல் 1972

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நன்றாக இருப்பதில் மகிழ்ச்சி. இங்கே வெயில் தலைகாட்டுகிறது, சட்டைப் பொத்தானைத் திறந்துகொண்டு திரிகிறோம்.

என்ன அக்கா இது, பட்டறையில் ஆயிரம் அழுக்கைப் பார்க்கிறேன். பார்த்ததை எழுதினேன். பழைய சாமானில் எது வேண்டுமானாலும் ஒட்டியிருக்கும். அதைப் போய் மனசில் போட்டுக்கொள்வீர்களா?

மேஸ்திரி தினமும் மத்தியானம் அத்தானின் அடுப்பில்தான் காபி போடச் சொல்கிறார். அதில் போட்டால் ருசியாம். ஊருக்கு அனுப்ப வேண்டியது என்றேன். "உங்க ஊர்க்காரங்க வேற அடுப்பு பாத்துக்கட்டும்" என்கிறார். பெட்டியை மட்டும் நான் வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன், அதற்கு இன்னும் பெயிண்ட் அடிக்க வேண்டும்.

திருநாளுக்கு நான் வரவில்லை. லீவு கிடைக்காது. கிடைத்தாலும், கோன்ராட் அத்தான் முகத்துக்கு முன்னால் நான் எதற்கு?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
இங்வே


ஸ்டென்வால், 28 ஏப்ரல் 1972

இங்வே,

நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில். இடையில் நிறுத்தினால் மறுபடி எழுத மாட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும், புயலுக்கு முந்தைய நவம்பரில் என் குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. பெண். பெயர்கூட வைக்கவில்லை. "அடுத்தது வரும்" என்று எல்லாரும் சொல்லிவிட்டுத் தங்கள் தங்கள் மாட்டைக் கறக்கப் போய்விட்டார்கள். எனக்குப் பகல் பொழுது நகரவில்லை. அப்போது சாராயத்துக்கு ரேஷன் புத்தகம். அது புருஷன் பேரில், கல்யாணமான பெண்ணுக்குக் கிடையாது. ஹில்டிங்கின் பாட்டிலைத் தொட்டால் அளவில் தெரிந்துவிடும். அடுப்புக்கு வைத்திருக்கும் ஸ்பிரிட் டின்னை யார் அளக்கிறார்கள்? கொட்டகைக்குப் போனேன். முதலில் காபியில் ஒரு கரண்டி. கண் எரியும், தொண்டை எரியும், பிறகு ஒரு மணி நேரம் ஒன்றும் இருக்காது. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான்.

குறைந்ததைத் தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டினேன். யாரும் குடித்துவிடாமல் இருக்க ஸ்பிரிட்டில் கலக்கிற சிவப்புச் சாயம் வெளுத்தது. அதற்குக் காட்டில் பறித்துச் சர்க்கரை போட்டுக் காய்ச்சி வைத்திருந்த லிங்கோன் பழச்சாற்றை ஊற்றினேன். பார்த்தால் அதே சிவப்பு. மார்ச்சுக்குள் அந்த டின்னில் முக்கால்வாசி பழச்சாறும் தண்ணீரும்தான். வெள்ளிக்கிழமை சரக்கு வண்டி வரும், புது டின் வாங்கி வைத்துவிடுவோம் என்றிருந்தேன். அவர் அடுத்த வாரம்தான் மலைக்குப் போவதாகச் சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் வானம் தெளிந்துவிட்டது. "இன்னைக்கே கெளம்பினா கண்ணியெல்லாம் பாத்துட்டு ஞாயித்துக்கெழம வந்துடலாம் மேர்த்தா. உன் தம்பியும் ரெடியா நிக்கறான்" என்றார். என் கண் முன்னால் டின்னைச் சாய்த்துக் குடுவையில் ஊற்றிக்கொண்டார். நான் படியில் நின்றேன். வாய் வரைக்கும் வந்தது இங்வே. "கையுறை ரெண்டு ஜோடி எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டேன். அதைத்தான் கேட்டேன். "எடுத்துக்கிட்டேன் தாயே" என்று சிரித்துவிட்டுப் போனார்.

குளிரில் விரல்கள் கறுத்துப்போன கையில் துணி சுற்றி உன்னைத் தூக்கி வந்தார்கள். கோன்ராட் உன் சட்டையைப் பிடித்து, "என்னடா பண்ணினே?" என்று உலுக்கினார். நீ, "ஸ்பிரிட்டைக் கொட்டிட்டேன்" என்றாய். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஓ, கொட்டிவிட்டானா, அப்படியானால் அது நான் இல்லை என்று அந்த நிமிஷத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. தம்பி கை போய்விட்டது, புருஷன் போய்விட்டார், எனக்கு நிம்மதி. எப்பேர்ப்பட்டவள் பார். மறுநாளே தெரிந்துவிட்டது, கொட்டாமல் இருந்திருந்தாலும் அது எரிந்திருக்காது என்று. அப்போதாவது சொல்லியிருக்கலாம். அடக்கத்தின்போது நீ கை நீட்டினாய், கோன்ராட் அதைப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ ஊரைவிட்டுப் போகிற பஸ்ஸையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆஸ்டா கேட்டபோது அடுப்பு தொலைந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் உன்னிடம் அனுப்பினேன். நீ திறப்பாய் என்று தெரிந்துதான் அனுப்பினேன்.

நீ நன்றாக இருக்கிறாயா?
மேர்த்தா


கோத்தன்பர்க், 7 மே 1972

அக்கா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் உட்கார்ந்துகொண்டு இதைப் படியுங்கள்.

நான் எதையும் கொட்டவில்லை. எனக்கு எல்லாம் தெரியும். அத்தானுக்கும் தெரியும்.

முதல் நாள் சாயங்காலம் காற்று பிடித்துக்கொண்டது. அத்தான்தான் கிண்ணத்தில் ஊற்றினார். ஒரு குச்சி, இரண்டு குச்சி, மூன்று. தீக்குச்சி உள்ளே விழுந்து அணைந்ததே தவிர, பிடிக்கவில்லை. விரலை விட்டு நக்கினார். சிரித்துவிட்டார் அக்கா. "டேய் மச்சான், லிங்கோன் ஜூஸுடா இது! நம்ம வீட்டு ஜூஸு!" என்றார். நானும் சிரித்தேன். பிறகு அவர் சிரிப்பு நின்றுவிட்டது. குடுவையைத் திருகி மூடிக்கொண்டே, "எத்தனை நாளா இப்படி இருந்திருக்கா? பக்கத்துலயே படுத்துக் கெடந்தேன், எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். உங்கள்மேல் ஒரு கடுஞ்சொல் இல்லை. கோபப்பட்டவன் நான்தான். "வாயை மூடுறா, புள்ள செத்தது அவளுக்கு மட்டுமா? ஆனா தனியாக் கெடந்தவ அவதான்" என்றார்.

அந்தச் சாறு கிண்ணத்தில் இருக்கும்போதே எண்ணெய்த் துணியைச் சுற்றிக் கொளுத்தினோம். கூடாரம் பிடித்ததும் அத்தான் தீயின்மேல் விழுந்து அணைத்தார். அதன் பிறகு பனியை உருக்க அடுப்பு இல்லை, அதனால் குடிக்கத் தண்ணீரும் இல்லை. குடுவையை உறையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "சக்கரை இருக்கு, குடி" என்று எனக்குக் கொடுப்பார். தானும் உதட்டில் வைப்பார். அவர் தொண்டை அசையவில்லை, எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் நான் வாங்கி வாங்கிக் குடித்தேன். நான் உயிர் பிழைத்தது அதனால்தான். உங்களுக்குக் கொட்டகையில் ஏதோ கேட்கிறது என்றீர்களே, எனக்கு அந்தக் குடுவையின் மூடி திருகுகிற சத்தம் கேட்கும்.

இரண்டாம் நாள் சொன்னார்: "இது கோன்ராட் காதுக்குப் போச்சுன்னா அவளை ஊர்ல இருக்க விடமாட்டான். கை விறைச்சுக் கொட்டிடுச்சுன்னு சொல்லிடு மச்சான். நீ சின்ன வயசு, ரெண்டு வருஷத்துல எல்லாரும் மறந்துடுவாங்க. அவகிட்டயும் கேட்டுடாத." சத்தியம் வாங்கிக்கொண்டார்.

காப்பாற்றினேன். ஆனால் அந்தப் பாகு வெந்நீரில் கரைந்து வாசனை வந்தபோது என்னால் முடியவில்லை. நீங்களாகக் கேட்டால் சொல்லலாம், அது சத்தியத்தை மீறியதாகாது என்று நானே ஒரு நியாயம் கண்டுபிடித்து எழுதினேன். பிறகு பயந்து பூட்ஸுக்கு ஓடினேன்.

கோன்ராட் அத்தானின் வாசகம் அப்படியே இருக்கட்டும். இத்தனை வருஷம் இருந்ததுதானே. நீங்கள் அந்த ஊரில் வாழ வேண்டும். அடுப்பை நாளை அனுப்புகிறேன்.

தம்பி இங்வே


ஸ்டென்வால், 30 ஜூன் 1972

இங்வே,

ஏழு வாரம் எழுதவில்லை. முதல் வாரம் அழுதேன். மற்ற ஆறு வாரமும் கோபம்.

இரண்டு ஆண்கள் ஒரு கூடாரத்துக்குள் உட்கார்ந்துகொண்டு எனக்கு நல்லது செய்துவிட்டீர்கள். ரொம்ப நன்றி. யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டே பதினெட்டு வருஷம் நான் சமைத்தேன், துவைத்தேன், கோயிலுக்குப் போனேன். அவருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாரோ என்று ஒவ்வொரு நாளும் செத்தேன். அவர் என்ன நினைத்தார் என்று நீ ஒருவன் தெரிந்துவைத்திருந்தாய். "எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாராம். அந்த வார்த்தை எனக்குச் சேர வேண்டியதுடா. அதை உன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். ஆறு வாரம் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டும் உரிமை எனக்கு இல்லை என்பதும் தெரியும், அதனால் இன்னும் கொஞ்சம் திட்டினேன்.

அடுப்பு பத்திரமாக வந்தது. திருநாள் அன்று ஊரே கூடியது. பெண்கள் தலையில் பூ, வயலின், வறுத்த மீன், எல்லாம் வழக்கம்போல. ஆஸ்டா அடுப்பைப் பற்றவைத்தாள், எரிந்தது. நான் கோன்ராடின் அட்டையை எடுத்து மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு என்னுடையதை வைத்தேன். பின்வரிசைக்குத் தெரியாதே என்று சத்தமாகப் படித்தேன்.

"இந்த அடுப்பில் எந்தக் கோளாறும் இல்லை. இதைப் பற்றவைக்க வேண்டிய ஸ்பிரிட்டை நான் குடித்துவிட்டு, பழச்சாற்றை ஊற்றி வைத்தேன். கூடாரத்தில் இருந்த இருவர்மேலும் தவறில்லை. ஹில்டிங்கின் மனைவி மேர்த்தா."

வயலின் நின்றுவிட்டது. அடுப்பின் உறுமல் மட்டும். ஆண்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்பது வயது சிக்னே, தடியை ஊன்றி எழுந்து, "எங்க வீட்டு டின்லயும் பாதி ஜூஸுதான்டி. என் ஆளு மலைக்குப் போகாததால தப்பிச்சேன்" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டதை நான் பார்த்தேன். ஆஸ்டா எல்லாருக்கும் காபி ஊற்றினாள். சிலர் வாங்கிக்கொண்டார்கள், சிலர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு வீட்டில் என்னோடு பேசுவதில்லை.

மடித்த அட்டையோடு போன கோன்ராட், திங்கட்கிழமை என் வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. தொப்பியை எடுத்துக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நின்றேன்.

"அந்தப் பையன் கை இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

"தெரியாது" என்றேன்.

"தெரியாதா? நீ கூடப் பிறந்தவதானே?" என்றார். தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

பழைய கிறிஸ்துமஸ் அட்டைகளிலிருந்து போன கடிதம் வரைக்கும் எண்ணிப் பார்த்தேன். உன் இருமலைக் கேட்டிருக்கிறேன். நெஞ்சு, கழுத்து, ஈரக்கால் எல்லாம் கேட்டிருக்கிறேன். இதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

இங்வே, உன் கை எப்படி இருக்கிறது?

அக்கா